ஃப்ரீ விசாவும் கம்பம்மெட்டு ஜீப்பும்

வெளிநாட்டு வேலையைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் ஏர்போர்ட்டில் ஆரம்பிப்பார்கள். நான் கம்பம்மெட்டு ரோட்டில் ஆரம்பிக்கிறேன். எங்கள் பள்ளத்தாக்கில் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், கோம்பை, தேவாரம், போடி என்று எந்த ஊரை எடுத்தாலும் விடிவதற்கு முன்னால் தூக்குச்சட்டியோடு ஜீப்புக்கு நிற்கிற பெண்கள் உண்டு. குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ மலையேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் களை வெட்டி, காய் எடுத்து, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவார்கள். வேறு மாநிலம், வேறு மொழி, வேறு அரசாங்கம். ஆனாலும் பெர்மிட் கிடையாது, விசா கிடையாது.

அது சுகமான வேலை என்று சொல்ல வரவில்லை. அட்டைக்கடியும் மழையும் ஜீப்பில் ஆட்களைத் திணிக்கிற திணிப்பும் வளைவுகளில் நடக்கிற விபத்தும் ஊரறிந்தவை. ஆனால் அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஒரு தோட்டத்துச் சூப்பர்வைசர் வார்த்தையை விட்டுவிட்டால், மறுநாள் காலையில் அந்த அக்கா வேறு ஜீப்பில் ஏறிவிடுவார். "போய்யா, உன் தோட்டம் இல்லன்னா ஊர்ல தோட்டமே இல்லையா?" அவ்வளவுதான் ராஜினாமா கடிதம். பழைய முதலாளியிடம் சம்மதம் வாங்க வேண்டாம். அவரும் போலீசில் "ஆளைக் காணோம்" என்று எழுதிக் கொடுக்க முடியாது.

விசாவில் கப்பல் ஏறினாலும் விமானம் ஏறினாலும் முதலில் பறிபோவது இந்தச் சௌகரியம்தான். சம்பளம் எவ்வளவு, எந்த நாடு, ஏஜென்ட் எவ்வளவு கேட்கிறான் என்று மூன்று கேள்வி எல்லோரும் கேட்கிறார்கள். பிடிக்காவிட்டால் முதலாளியை மாற்ற முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. இந்தப் பதிவே அந்த நாலாவது கேள்விக்காகத்தான்.

எனக்கு இதில் என்ன வேலை என்றால், நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது பெயருக்கு. பாஸ்போர்ட் விண்ணப்பம், பட்டா, வருமானச் சான்று, பரீட்சை ரிசல்ட் எல்லாம் இங்கேதான். பாஸ்போர்ட்டுக்கு எங்கள் தேனி மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. பாஸ்போர்ட் கைக்கு வந்து சில மாதம் கழித்து அதே ஆள், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பிடிஎஃப்பைக் காட்டி, "தம்பி, விசா வந்துருச்சு, கலர்ல ஒண்ணு அடிச்சுக் குடு" என்பார். அப்போது அதை வாசிக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

வாசிக்கிற பழக்கம் கொரோனா காலத்தில் வந்தது. 2020-ல் அந்த ஜீப்புகளும் நின்றுபோயின. மலைக்கு மேலே போக நம் அரசின் இ-பாஸும் கேரளத்தின் ஜாக்ரதா இணையப் பதிவும் வேண்டும் என்றார்கள். காலங்காலமாகக் காலையில் போய் மாலையில் வந்தவர்கள் முதல் முறையாகப் பெயர், ஆதார், போகிற இடம், யாரிடம் போகிறாய் என்று எழுத வேண்டியிருந்தது. "யாரிடம்" என்கிற கட்டத்தில்தான் எல்லோரும் தடுமாறினார்கள். "எந்த ஜீப்பு வருதோ அந்தத் தோட்டம், இதை எப்படி எழுதுறது?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்வி. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறில் எல்லை கொதித்தபோது வழி மொத்தமாக அடைபட்டதே தவிர, "நீ எந்த முதலாளியின் ஆள்" என்று காகிதத்தில் கேட்டவர் இல்லை. கொரோனா பாஸ்தான் கேட்டது. வளைகுடா விசாவின் முதல் வரியும் அதைத்தான் கேட்கிறது.

சரி, அந்த பிடிஎஃப்பில் என்ன இருக்கும்? குவைத்தை எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்துப் பையன்கள் சூன் விசா, காதிம் விசா என்று இரண்டு பெயர் சொல்வார்கள். சூன் என்பது தனியார் கம்பெனி வேலை, அந்நாட்டுக் குடியிருப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு. காதிம் என்பது வீட்டு வேலை, 20-ஆம் பிரிவு. காதிமுக்குச் செலவு குறைவு, சீக்கிரம் வரும். ஏஜென்ட் "டிரைவர் வேலை" என்பான், காகிதமும் டிரைவர் என்றே சொல்லும். போய் இறங்கிய பிறகு வண்டிச் சாவி தருவதும் ஆட்டுப்பட்டிக்கு அனுப்புவதும் அந்த வீட்டுக்காரர் இஷ்டம். வீட்டு வேலை விசாவுக்குக் கம்பெனித் தொழிலாளர் சட்டம் பொருந்தாது, தனிச் சட்டம். கம்பெனி விசாவுக்கு மாறுவதும் லேசில் நடக்காது. 2024-ல் ஜூலை நடுவிலிருந்து இரண்டு மாதம் மட்டும் குவைத் அரசு கதவைத் திறந்தது. ஒரு வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும், முதலாளி சம்மதிக்க வேண்டும், 50 தினார் கட்ட வேண்டும். பிறகு மூடிவிட்டது. அந்த இரண்டு மாதமும் இங்கிருந்து எத்தனை போன் போனது என்று உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும்தான் தெரியும்.

அதே 2024-ல்தான் ஜூன் 12 அன்று குவைத் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்தது. இந்தியர்கள் மட்டும் 45 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள், அதில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். விமானப்படை விமானத்தில் உடல்கள் கொச்சிக்கு வந்ததை டிவியில் பார்த்தோம். ஒரே கம்பெனி ஆட்களை ஒரே கட்டடத்தில் அடுக்கி வைக்கிற ஏற்பாட்டில், வேலை தருகிறவரே வீட்டுக்காரர், அவரே விசாக்காரர். ரூம் சரியில்லை என்று ரூமை மட்டும் மாற்ற முடியாது.

இப்போது தலைப்பில் உள்ள ஃப்ரீ விசாவுக்கு வருகிறேன். அண்ணன்மாரே, அப்படி ஒரு விசா எந்த நாட்டுச் சட்டத்திலும் கிடையாது. இலவசமும் இல்லை, சுதந்திரமும் இல்லை. நடப்பது இதுதான். சவூதியிலோ வேறு வளைகுடா நாட்டிலோ ஒருவர், கஃபீல் என்பார்கள், தன் பெயரில் ஆள் எடுக்க அனுமதி வாங்குவார். அவரிடம் வேலையே இருக்காது. அந்த அனுமதியை ஏஜென்ட் வழியாக விற்றுவிடுவார். வாங்கிப்போன நம் ஆள் வெளியே கிடைத்த வேலையைப் பார்த்துக்கொண்டு, வருஷா வருஷம் இக்காமா என்கிற குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கிற நேரத்தில் கஃபீலுக்குப் பணம் கட்டுவான். நாலு பேர் நல்லபடியாகச் சம்பாதித்து வீடு கட்டியிருப்பதால் ஊரில் இதற்கு மதிப்பு அதிகம். "கம்பெனி விசான்னா அடிமை, ஃப்ரீ விசான்னா ராஜா" என்று சொல்கிறவர்களே உண்டு.

ராஜாவின் கிரீடம் கஃபீலின் பாக்கெட்டில் இருக்கிறது. தன் கஃபீலை விட்டு வேறொருவரிடம் வேலை பார்ப்பது சவூதி தொழிலாளர் சட்டப்படி குற்றம். கட்டுகிற தொகை போதாது என்று கஃபீலுக்குத் தோன்றினால் "இவன் ஓடிப்போய்விட்டான்" என்று பதிவு செய்வார். ஹுரூப் என்று அதற்குப் பெயர். பதிவு உறுதியானால் இக்காமா செத்துவிடும், ஊருக்கு வர எக்சிட் லேசில் கிடைக்காது, பிடிபட்டால் தர்ஹீல் என்கிற தடுப்பு முகாம். 2013-ல் சவூதி, உள்நாட்டு ஆட்களுக்கு வேலை ஒதுக்குகிற நிதாகத் திட்டத்தை இறுக்கியபோது இப்படி வெளியே வேலை பார்த்தவர்கள்தான் பெருங்கூட்டமாக மாட்டினார்கள். பொதுமன்னிப்பு கொடுத்துத்தான் ஆட்களை வெளியேற்ற முடிந்தது. ஐக்கிய அரபு அமீரகம் 2024 செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை ஒரு பொதுமன்னிப்பு கொடுத்தது. பொதுமன்னிப்பு அறிவிப்பு வந்தால் சந்தோஷப்படுகிற வீடு எங்கள் தெருவிலும் உண்டு. சம்பாதிக்கப் போனவன் மன்னிப்பு வாங்கி வருகிறானே என்று அந்த வீட்டில் யாரும் நினைப்பதில்லை. வந்தால் போதும்.

வளைகுடா முழுக்க ஒரே மாதிரி என்றும் சொல்ல முடியாது. கத்தார் 2020-ல் பழைய முதலாளியின் ஆட்சேபணையின்மைக் கடிதம் தேவையில்லை என்று சட்டத்தைத் திருத்தியது. சவூதி 2021 மார்ச்சிலிருந்து ஒரு வருஷம் முடித்த தொழிலாளி முதலாளி சம்மதமில்லாமலே வேறு கம்பெனிக்கு மாற வழி செய்தது. ஆனால் அந்தச் சீர்திருத்தத்தில் வீட்டு வேலைக்காரர், வீட்டு டிரைவர், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் சேரவில்லை. நம் ஊரிலிருந்து படிப்பில்லாமல் போகிறவர்கள் எந்த வேலைக்குப் போகிறார்கள் என்று பாருங்கள். சீர்திருத்தம் யாருக்கு எட்டவில்லை என்று தெரியும்.

நம் அரசாங்கம் கண்ணை மூடிக்கொண்டா இருக்கிறது என்றால், இல்லை. 1983-ல் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் பாஸ்போர்ட்டில் ஈசிஆர், அதாவது குடிபெயர்வுச் சோதனை வேண்டும் என்கிற முத்திரை இருக்கும். அவர்கள் வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, சென்னையில் இருக்கிற குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி வேண்டும். இப்போது இ-மைக்ரேட் இணையதளம் வழியாகவே நடக்கிறது. ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள், முதலாளி பதிவானவரா என்று பார்ப்பார்கள், 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு கட்டாயம். பிரீமியம் இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய்தான். ஒரு பிரியாணி காசு.

இதில் விநோதம் என்னவென்றால், பத்தாவது தேறிவிட்டால் பெரும்பாலும் இந்தச் சோதனை எதுவும் கிடையாது. படித்தவன் தன்னைப் பார்த்துக்கொள்வான் என்று சட்டம் நம்புகிறது. எங்கள் பள்ளத்தாக்கில் இன்றைக்குப் பத்தாவது தேறாத இருபது வயசுப் பையனைத் தேட வேண்டும். ஆக, இன்றைய தலைமுறை முக்கால்வாசி எந்த அதிகாரியும் ஒப்பந்தத்தைப் பார்க்காமலேதான் விமானம் ஏறுகிறது. ஈசிஆர் இல்லாதவர்களும் இ-மைக்ரேட்டில் பதிய வேண்டும் என்று 2018 கடைசியில் ஒரு அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கிடப்பில் போட்டார்கள். தாமாக முன்வந்து பதியலாம், கட்டாயம் இல்லை. கட்டாயமில்லை என்றால் நம் ஆட்கள் செய்வார்களா?

பணத்துக்கு வருகிறேன். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கலாம் என்று இந்திய விதி அனுமதிக்கிற சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. ரசீது தர வேண்டும். நான் இதைச் சொன்னால் கடையில் சிரிப்பார்கள். லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறவரிடம் முப்பதாயிரம் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்? ரசீது கேட்டால் "நம்ம ஆளு தம்பி, சொந்தக்காரப் பையன் மூலமா வந்தது" என்பார். சப்-ஏஜென்ட் என்று ஒருவன் எப்போதும் சொந்தக்காரனாகவோ தெரிந்தவனாகவோதான் இருக்கிறான். அவன் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

அந்த லட்சங்கள் எங்கிருந்து வருகின்றன? அம்மா தாலிக்கொடி, அக்காவின் நகை, குழுக்கடன், பிறகு வட்டிக்காரர். திராட்சைக் கொடி போட்ட அரை ஏக்கரை ஒத்திக்கு வைத்தவர்களும் உண்டு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தத் தோட்டத்துக்காரர் வீட்டுப் பிள்ளைதான் துபாய்க்கு விசிட் விசாவில் போகிறான். மழை தவறினால், விலை விழுந்தால், கொடிக்கு நோய் வந்தால் திராட்சைக்காரருக்கு விசா தவிர வேறு காப்பீடு இல்லை.

கடன் வாங்கிப் போகிறவனுக்கு விசாவில் எழுதாத இரண்டாவது முதலாளி ஒருவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார். அங்கே உள்ளவர் வெளியே விடமாட்டார், இங்கே உள்ளவர் உள்ளே வரவிடமாட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் இவன்.

இது புதுசு என்று நினைக்காதீர்கள். நம் தாத்தா பாட்டி காலத்துக் கதையைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். இலங்கைக் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணி ஆள் கட்டினார். மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து போனார்கள். நம் தேனி மாவட்டம் 1990-களின் நடுப்பகுதி வரை மதுரையாகத்தானே இருந்தது. கிளம்பும்போதே முன்பணம், வழிச்செலவு, வீட்டுக்கு அரிசி. எல்லாம் கணக்கில் ஏறும். இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் கழுத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகரவில்லையைக் கட்டி அனுப்பினார்கள். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமா? துண்டு வேண்டும். "இந்தக் கங்காணியும் ஆட்களும் இவ்வளவு பாக்கி, அதைக் கட்டினால் விடுவிக்கிறேன்" என்று துரை எழுதிக் கொடுக்கிற சீட்டு. புதுத் தோட்டம் பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். ஆள் மாறுவான், கடன் மாறாது, கூடவே வரும். 1921-ல் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

நூறு வருஷம் கழித்துக் கத்தாரில் ஆட்சேபணையின்மைக் கடிதத்தை ஒழித்தபோது எனக்கு இந்தத் துண்டுதான் ஞாபகம் வந்தது. சீட்டின் பெயர் மாறியிருக்கிறது, வேலை அதே வேலை.

நம் மலைக்கும் அந்தக் காலத்தில் இதே கங்காணிதான். போடிக்கு மேலே குரங்கணி, கொட்டகுடியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குக் கம்பிவடம் ஓடியது. கண்ணன் தேவன் தேயிலை அதில் இறங்கி வந்து, வண்டியில் அம்மையநாயக்கனூர் ரயிலடிக்குப் போய், தூத்துக்குடியில் கப்பல் ஏறியது. மேலே மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை சின்ன ரயிலே இருந்தது, 1924 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது. தேயிலை இறங்கிய அதே மலைப்பாதையில் ஆட்கள் நடந்து ஏறினார்கள். அப்படி ஏறியவர்களின் பேரப்பிள்ளைகளில் ஒரு பகுதி இன்னும் மூணாறில், ஒரு பகுதி கீழே, ஒரு பகுதி சார்ஜாவில். இப்போது ஏலத்தோட்டங்களில் ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், அசாம் ஆட்கள் குடும்பத்தோடு வந்து தோட்டத்திலேயே தங்குகிறார்கள். முதலாளிகளுக்கு அவர்கள்மேல் ஏன் பிரியம் என்று விளக்க வேண்டியதில்லை. சாயங்காலம் ஜீப் ஏறிப் போகிறவளைவிட, போக இடமில்லாதவள் பேச்சுக் கேட்பாள்.

"இதெல்லாம் அரபு நாட்டுச் சமாச்சாரம், அமெரிக்கா மாதிரி நாட்டுல சட்டம் பேசும்" என்று என் நண்பன் ஒருவன் வாதாடுவான். அவனுக்காக ஒரு அமெரிக்கக் கதை. 2005-ல் கத்ரீனா புயல் அடித்து வளைகுடாக் கரை நாசமானது. நான் சொல்வது அமெரிக்காவின் மெக்ஸிகோ வளைகுடா. கப்பல், எண்ணெய்மேடை பழுது பார்க்கும் சிக்னல் இன்டர்நேஷனல் என்கிற கம்பெனி, மிசிசிப்பி மாநிலத்துப் பாஸ்ககூலாவுக்கும் டெக்சாஸ் மாநிலத்து ஆரஞ்சு என்கிற ஊருக்கும் இந்தியாவிலிருந்து சுமார் 500 வெல்டர், பைப் ஃபிட்டர்களை எச்-2பி விசாவில் கூட்டிப்போனது. தற்காலிக வேலைக்கான விசா அது. ஏஜென்ட் சொன்னதோ கிரீன் கார்டு. குடும்பத்தோடு குடியேறலாம் என்று நம்பி ஆளுக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் டாலர் என்று கட்டினார்கள். அங்கே ஒரு பெட்டி வீட்டில் 24 பேர் வரை. அதற்கு ஆளுக்கு மாதம் 1,050 டாலர் சம்பளத்தில் பிடித்தம். விசா ஒரே கம்பெனிக்கு மட்டும் செல்லும் என்பதால் வேறு எங்கும் போக முடியாது. ஊரில் கடன், ஆகவே திரும்பவும் முடியாது.

எதிர்த்துப் பேசியவர்களை 2007-ல் கம்பெனி வேலையை விட்டு நீக்கித் திருப்பி அனுப்பப் பார்த்தது. 2008 மார்ச்சில் தொழிலாளர்கள் கூட்டமாக வெளிநடப்பு செய்தார்கள். வாஷிங்டன் வரைக்கும் பயணம் போய், வெள்ளை மாளிகைக்கு முன்னால் உண்ணாவிரதம் இருந்தார்கள். சத்தியாகிரகம் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் நீதிமன்றத்தில் ஜூரிகள் முதல் ஐந்து பேருக்கு மட்டும் 1 கோடியே 40 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தார்கள். அதே வருஷம் கம்பெனி திவால் மனு போட்டு, மற்ற வழக்குகளை 2 கோடி டாலருக்குச் சமரசம் பேசி, மன்னிப்பும் கேட்டது. சட்டம் பேசியது உண்மைதான். பேச ஏழு வருஷம் ஆயிற்று, அதுவும் இவர்கள் விசாவைப் பணயம் வைத்துத் தெருவில் இறங்கிய பிறகு. கொடுமை செய்யக் கஃபீல் என்கிற பெயர் தேவையில்லை. ஒரு முதலாளி பெயருக்கு மட்டும் செல்லுகிற காகிதமும் ஊரில் ஒரு கடனும் இருந்தால் மிசிசிப்பியும் ஒன்றுதான், சவூதி ஜுபைலும் ஒன்றுதான்.

கழுத்தில் ஐடி கார்டு மாட்டிய நம் சாஃப்ட்வேர் பிள்ளைகளும் இந்தக் கயிற்றுக்கு வெளியே இல்லை. எச்-1பி விசாவில் வேலை போனால் 60 நாளில் வேறு கம்பெனி பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். 2025 செப்டம்பரில் புது விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் என்று அமெரிக்க அதிபர் அறிவித்த அன்றைக்கு, சின்னமனூர் வீடுகளில் எத்தனை பேர் தூங்காமல் கிடந்தார்களோ. ஆனால் அவர்களுக்கு முதலாளியை மாற்ற சட்டத்தில் வழி இருக்கிறது, கடனும் பெரும்பாலும் பேங்க் கடன். அதனால் அவர்களை இங்கேயே விட்டுவிட்டு சிங்கப்பூருக்குப் போகிறேன்.

சிங்கப்பூர் ஏற்பாடு எனக்கு ஒரு விதத்தில் பிடிக்கும். அங்கே முதலில் ஐபிஏ என்கிற முன்னனுமதிக் கடிதம் வரும். அதில் அடிப்படைச் சம்பளம், பிடித்தம், ஏஜென்ட் கட்டணம் எல்லாம் எழுதியிருக்கும். கிளம்புவதற்கு முன்பே தொழிலாளிக்கு அவன் தாய்மொழியில் அதைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. தமிழிலேயே வரும். வாசிக்கத்தான் ஆளில்லை. சிங்கப்பூர் ஏஜென்ட் ஒருவர் தொழிலாளியிடம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ஆனால் இந்தியப் பக்கத்து ஏஜென்ட் வாங்குவது அந்தக் கணக்கில் வராது. அங்கேதான் ஓட்டை. பெர்மிட்டில் வரும் நம் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் முதலாளி 5,000 வெள்ளி பிணைத்தொகை வைக்க வேண்டும், மாதாமாதம் அரசுக்கு லெவி கட்ட வேண்டும். ஆகவே ஆள் காணாமல் போவதை அவர் விரும்பமாட்டார். பெர்மிட்டை ரத்து செய்து அடுத்த விமானத்தில் திருச்சிக்கு அனுப்பிவிடுவது அவருக்குச் சுலபம். கட்டுமான வேலைக்காரருக்குப் பெர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள் வரை ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அந்த இடைவெளியில் பழைய முதலாளியின் சம்மதமில்லாமல் புது முதலாளிக்கு மாறலாம். எங்கள் ஊர்ப் பையன் ஒருவனுக்கு இது தெரிந்து, கேலண்டரில் வட்டம் போட்டு வைத்து மாறினான். கூட இருந்தவர்களுக்குத் தெரியவில்லை, பெர்மிட் முடிந்து ஊர் வந்து, மறுபடி ஏஜென்டுக்குப் பணம் கட்டிப் போனார்கள்.

மலேசியா பற்றி அதிகம் எழுதவில்லை. சாப்பாட்டுக்கடை வேலை என்று விசிட்டில் போய் மாட்டிக்கொண்ட கதைகள் எல்லாம் ஒரே அச்சு. விசிட் விசாவில் வேலைக்குப் போகாதீர்கள் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

விசிட் என்றதும் தாய்லாந்து. "டேட்டா என்ட்ரி, கம்ப்யூட்டர் தெரிஞ்சா போதும், டிக்கெட் நாங்களே போட்டுருவோம்." டிக்கெட் அவர்களே போடுகிறார்கள் என்றால் சந்தேகப்படுங்கள். பேங்காக்கில் இறங்கியவர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பக்கம் கடத்தி, ஆன்லைன் மோசடி செய்ய உட்கார வைத்தார்கள். 2022-லேயே தமிழ்நாட்டுப் பையன்கள் மீட்கப்பட்டு வந்து செய்தியானார்கள். அதற்குப் பிறகும் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். 2025 மார்ச்சில் தாய்லாந்தின் மே சோட்டிலிருந்து இரண்டே நாளில் 549 இந்தியர்களை விமானப்படை விமானத்தில் கொண்டுவந்தார்கள். இவர்கள் எல்லாம் படித்தவர்கள், பத்தாவது தாண்டியவர்கள். தம்மைத் தாமே பார்த்துக்கொள்வார்கள் என்று சட்டம் நம்பியவர்கள்.

கடைசியாக ஜப்பான். இதைப் பற்றித்தான் இப்போது கடையில் அதிகம் விசாரிக்கிறார்கள். நர்சிங் முடித்த பெண்கள், ஐடிஐ, பாலிடெக்னிக் முடித்த பையன்கள். ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போவது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. தொழில்நுட்பப் பயிற்சிக்கு அந்தக் காலத்தில் போய் வந்தவர்கள் சேர்ந்து நடத்தும் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறது, மொழித் தேர்வும் நடத்துகிறது. அது முறையான பயிற்சி, சிறு எண்ணிக்கை. 1993-ல் ஜப்பான் தொடங்கிய தொழில்நுட்பப் பயிற்சியாளர் திட்டம் வேறு ரகம். காகிதத்தில் பயிற்சி, நடைமுறையில் ஆள் பற்றாக்குறைக்கு ஆள். இந்தியாவோடு 2017-ல் ஒப்பந்தம் ஆயிற்று.

பயிற்சியாளர் என்பதால் முதலாளியை மாற்ற முடியாது. பயிற்சி ஒரு இடத்தில்தானே நடக்கும், மாறினால் எப்படிப் பயிற்சி என்று தர்க்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தத் தர்க்கம் தாங்காமல் 2023-ல் மட்டும் பல நாட்டுப் பயிற்சியாளர்கள் 9,700-க்கு மேற்பட்டவர்கள் வேலையிடத்தை விட்டுக் காணாமல் போனார்கள். ஓடிப்போகிறவனை அங்கே ஹுரூப் என்று சொல்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஜப்பான் நாடாளுமன்றமே 2024 ஜூனில் இந்தத் திட்டத்தை ஒழித்து, வேறு ஒன்றைக் கொண்டுவரச் சட்டம் போட்டது. 2027-ல் அமலாகிறது. அதில் ஒன்றிரண்டு வருஷம் ஆனபிறகு, மொழி தெரிந்தால், அதே தொழிலுக்குள் முதலாளியை மாற்றலாம்.

இன்னொரு வழி 2019 ஏப்ரலில் வந்த குறிப்பிட்ட திறன் விசா. ஐந்து வருஷம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது, ஆனால் ஒரே துறைக்குள் முதலாளியை மாற்றலாம். இதற்கு மொழித் தேர்வும் திறன் தேர்வும் தேற வேண்டும். பயிற்சியாளர் வழிக்கு அவ்வளவு படிக்க வேண்டியதில்லை, சீக்கிரம் போகலாம். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, முதியோர் பராமரிப்பு வேலைக்கு, எதில் போவது என்று கேட்டாள். அவள் அப்பா சீக்கிரம் போகிற வழியைச் சொன்னார். "மாமா, ஆறு மாசம் கூடப் படிச்சா அங்க பிடிக்கலன்னா ஆஸ்பத்திரி மாத்திக்கலாம். படிக்காமப் போனா மாத்த முடியாது. ஆறு மாசம் பெருசா?" என்றேன். அவர், "ஆறு மாசத்துக்கு வட்டி நீ கட்டுறியா?" என்றார். பதில் இல்லை என்னிடம். ஆனால் பெண் விடவில்லை. "வட்டிக்கு வாங்காம போற அளவுக்குத்தான் போவேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, ஒரு கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறாள். டிசம்பரில் பரீட்சை எழுதச் சென்னை போகிறாள்.

விசா பிரிண்ட் எடுக்க வருகிறவர்களிடம் நான் இப்போதெல்லாம் நாலு விஷயம் பார்க்கச் சொல்கிறேன். முதலாளி என்கிற இடத்தில் கம்பெனி பெயரா, தனி ஆள் பெயரா? தொழில் என்கிற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? அரபியில் இருந்தால் போனில் காட்டினாலே இப்போது மொழிபெயர்த்துத் தந்துவிடும். ஏஜென்ட் பெயர் இ-மைக்ரேட் பட்டியலில் இருக்கிறதா, பதிவு காலாவதியா? தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் 1978-லிருந்து இருக்கிறது, அதில் இதே வேலைக்கு விளம்பரம் வந்திருக்கிறதா? ஈசிஆர் பாஸ்போர்ட்டில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களை அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் அனுப்ப வேண்டும், வயது முப்பது ஆகியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். பாதிப் பேர் கேட்பார்கள். மீதிப் பேர் "எல்லாம் பேசி முடிச்சாச்சு தம்பி, அபசகுனமாப் பேசாத" என்பார்கள்.

அபசகுனம் என்று சொல்பவர்களிடமும் ஒன்றை மட்டும் செய்ய வைத்துவிடுவேன். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், ஏஜென்ட் போன் நம்பர் எழுதிய தாள் எல்லாம் ஒரு செட் ஜெராக்ஸ் வீட்டில் இருக்க வேண்டும், போகிறவன் பையில் இல்லை. ஏனென்றால் அங்கே பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வார், போனும் சில சமயம் போய்விடும். வெளியுறவுத் துறையின் மதத் இணையதளத்தில் புகார் பதிவு செய்யவும் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கவும் இங்கே இருக்கிற அம்மாவோ மனைவியோதான் வரவேண்டும். பாஸ்போர்ட் எண் இல்லாமல் "என் மகன் சவூதியில இருக்கான், ஊரு பேரு தெரியல" என்று மனு எழுதினால் யாராலும் தேட முடியாது. தூதரகத்தில் 2009-லிருந்து இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது, டிக்கெட்டுக்கும் அபராதத்துக்கும் அதிலிருந்து உதவ முடியும். கேட்டு வாங்க முதலில் ஆள் யார், எங்கே, யாருடைய பெயரில் இருக்கிறான் என்று தெரிய வேண்டும்.

அந்த ஜெராக்ஸைப் பெட்டியில் மடித்து வைக்க வேண்டாம் அக்கா. மழையில் நனையாத இடமாகப் பார்த்து, ரேஷன் கார்டோடு வையுங்கள்.